மதுரைக்கு அப்புறம் ஒரு சீட்

புதன், ஆகஸ்ட் 27, 2025. சென்னை

இன்று பிள்ளையார் சதுர்த்தி. அடுப்படியில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. நான் கூடத்தில் லேப்டாப் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மணி பதினொன்று ஆகக் காத்திருந்தேன். வீட்டில் மற்ற எல்லாரும் சாமி கும்பிட எனக்காகக் காத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். அம்பாசமுத்திரத்தில் அத்தான் வீடு கட்டி முடித்து, வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. கரண்டு கனெக்‌ஷன் வந்த பிறகுதான் நாள் குறித்தார். அதனால் எனக்குத் தகவல் வந்ததே மூன்று வாரத்துக்கு முன்னால். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். போன வருஷம் அக்டோபர் வரைக்கும் 120 நாள். அத்தனை நாளைக்கு முன்பே பால்காய்ப்புக்கு நாள் குறிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அம்பை வழியாகவே செங்கோட்டை போகிற தாம்பரம் வண்டியில் ‘ரிக்ரெட்’. வெயிட்டிங் லிஸ்ட்கூடத் தர மாட்டார்கள். சரி என்று வியாழன் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 87. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் 87 என்ற எண்ணைவிட அதற்கு முன்னால் நிற்கிற எழுத்துகள் முக்கியம். என்னுடையது ஜி.என்.டபிள்யூ.எல்., பொதுப் பட்டியல். வண்டி புறப்படுகிற ஊரில் ஏறி, போய்ச் சேருகிற ஊரில் இறங்குகிறவனுக்கு உள்ளது, வேகமாக இறங்கும். இதே 87 பூல்டு கோட்டாவில், அதாவது வழியில் உள்ள ஊர்க்காரர்களுக்குச் சேர்த்து ஒதுக்குகிற பங்கில், வந்திருந்தால் அன்றைக்கே பஸ்ஸுக்குப் பணம் கட்டியிருப்பேன். இன்று காலை 31-ல் நின்றது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. தட்கல் முயன்றேன். ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். ஏஜென்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் கதவு அடைப்பு. கூட்டம் குறையும் என்று நானும் நம்பினேன். 10:59-க்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். பெயர், வயது எல்லாம் முன்பே சேமித்து வைத்திருந்ததால் தட்ட வேண்டியது கேப்சா மட்டும்தான். அதில் பெரிய எழுத்து ‘ஐ’யா, சின்ன எழுத்து ‘எல்’லா என்று ஒரு குழப்பம். தப்பு. இன்னொன்று வந்தது. அதுவும் முடிந்து பணம் கட்டுகிற பக்கத்துக்கு முன்னால் வட்டம் சுற்றியது, சுற்றியது. 11:03-க்கு அந்தப் பக்கம் கண் விழித்தபோது தட்கல் வெயிட்டிங் லிஸ்ட் 26.

இந்தத் தட்கல் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி ஏமாற்றுக்காரன் கிடையாது. இதற்கு ஆர்.ஏ.சி., அதாவது ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குப் பாதி பாதியாகத் தருகிற நடுப்படியே இல்லை. தட்கலில் டிக்கெட் எடுத்தவர் யாராவது ரத்து செய்தால்தான் நகரும். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது என்பதால் யாரும் ரத்து செய்யவும் மாட்டார்கள். பணம் கட்டாமல் வெளியே வந்தேன்.

அதற்குள் மாமா ஒருவர் போனில். “பி.என்.ஆர். நம்பர் அனுப்பு. ஹெட்குவார்ட்டர்ஸ் கோட்டாவுல சொல்லி வைக்கேன்.” ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு மாமா இருக்கிறார். அனுப்பினேன். கொழுக்கட்டை ஆறிப்போயிருந்தது.

வியாழன், ஆகஸ்ட் 28. ரயிலில், விழுப்புரம் தாண்டி

காலையில் 12. ஆபீஸில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முன்பெல்லாம் வண்டி கிளம்ப நாலு மணி நேரத்துக்கு முன்னால்தான் சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல், போடுவார்கள். மாலை நாலரை மணிக்கு ‘இல்லை’ என்று தெரிந்து, பெட்டியோடு கோயம்பேட்டுக்கு ஓடிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு முன்பே போட ஆரம்பித்தார்கள். ராத்திரி வண்டிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விடை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பார்த்தேன். ஆர்.ஏ.சி.!

12 பேர் ஒரே நாளில் ரத்து செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்கு, பாதுகாப்புப் படையினருக்கு, தலைமை அலுவலகத்துக்கு என்று தனித்தனியாக எடுத்து வைத்த இடங்களில் ஆள் வராதவற்றை, சார்ட் போடும்போது பொதுவில் கொட்டுவார்கள். அந்தக் கொட்டலில் எனக்கு ஒரு பாதி விழுந்தது. மாமா உடனே போன் செய்தார். “சொன்னேன்லா?” கோட்டாவில் கிடைத்திருந்தால் முழு பெர்த்தே வந்திருக்கும் என்று நான் விளக்கப் போகவில்லை.

எழும்பூரில் வேலை நடக்கிற தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு பிளாட்ஃபாரம் போய்ச் சேர்ந்தேன். என்னுடையது பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் பாதி. இன்னொரு பாதியில் ஏற்கெனவே ஓர் ஆச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலுக்கடியில் ஒரு வயர்க்கூடை, மடியில் ஒரு பித்தளைத் தூக்கு. பக்கத்தில் பேரன் போல ஒருத்தன் நின்று, எனக்காகவே காத்திருந்தவன் போல, “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கிடுங்க, திருநெல்வேலியில மாமா வந்திருவாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வண்டி நகர்ந்ததும் ஆச்சி என் டிக்கெட்டையும் தன் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏன் தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டா போட்டிருக்கான்?”

“ஆமா ஆச்சி. ஆளுக்குப் பாதி.”

“பைசாவும் பாதிதானா?”

“முழுசா வாங்கிட்டாங்க.”

அதற்கு ஆச்சி ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாது.

ஆர்.ஏ.சி. பயணம் தெரியாதவர்களுக்கு: எதிரும் புதிருமாக இரண்டு பேர், நடுவில் நாலு கால். ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும். ஆச்சிக்கு முழங்கால் வலி. அவர் நீட்டட்டும் என்று நான் தொங்கப் போட்டுக்கொண்டேன். தாம்பரத்தில் கும்பல் ஏறியது. எதிர்ப் பக்கத்து மேல் பெர்த் 22 மட்டும் காலி. நானும் பார்த்தேன், ஆச்சியும் பார்த்தார், கதவோரம் நின்ற ஒருவரும் பார்த்தார். ஆள் வராத பெர்த்தை எத்தனை கண் பார்க்கும் என்பது ஆர்.ஏ.சி.யில் போனவருக்குத் தெரியும்.

செங்கல்பட்டு தாண்டி டி.டி.ஆர். வந்தார். முன்பெல்லாம் அவர் கையில் மடித்த காகிதச் சார்ட் இருக்கும். பின்னாலேயே பத்துப் பேர் “சார், சார்” என்று நடப்பார்கள். இப்போது டேப்லெட் மாதிரி ஒரு கருவி. 22-ஐத் தட்டி, வரவில்லை என்று பதிந்தார். அடுத்து யாருக்கு என்று அதுவே வரிசைப்படி காட்டுகிறது. காட்டியது ஆச்சி பெயரை.

“அம்மா, மேல் பெர்த் வந்திருக்கு, ஏறுவீங்களா?”

ஆச்சி மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நான் ஏறிக்கிறேன் சார், இதை ஆச்சிக்கு முழுசா விட்டுடுங்க” என்றேன். டி.டி.ஆர். எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, “உங்களுக்குள்ள சம்மதம்னா சரி” என்று குறித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார்.

இரண்டு இருக்கையையும் மடக்கி பெர்த் ஆக்கிக் கொடுத்தேன். நடுவில் அந்த இணைப்பு ஒரு விரல் உயரத்துக்கு முதுகை உறுத்தும். ஆச்சி வயர்க்கூடையிலிருந்து ஒரு பழைய நூல்சேலையை எடுத்து, நாலாக மடித்து, சரியாக அந்த இடத்தில் போட்டுப் படுத்தார். எத்தனை ஆர்.ஏ.சி. பார்த்தவரோ! தூக்கிலிருந்து எனக்கு இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. மேல் பெர்த்தில் இருந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். மின்விசிறி காதுக்குள் ஓடுகிறது.

வெள்ளி, ஆகஸ்ட் 29. அம்பாசமுத்திரம்

திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சர் தயாராக நின்றது. இதற்கு முன்பதிவும் கிடையாது, பட்டியலும் கிடையாது, ஏறினால் உட்காரலாம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அப்புறம் ஆற்றுப் பாலம். தாமிரபரணியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் துவைக்கிற சத்தம் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்ட மாதிரி இருந்தது; அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பால் நன்றாகக் கிழக்குப் பக்கம் பொங்கியது. அத்தானுக்கு ஏக சந்தோஷம். “எப்படிடே மாப்ள டிக்கெட் கெடச்சுது?” என்று கேட்டார். “பாதி எழும்பூர்ல கெடச்சுது அத்தான், மீதி செங்கல்பட்டுல” என்றேன். இலையில் மூன்று வகைப் பாயசம். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சனி, ஆகஸ்ட் 30. அம்பாசமுத்திரம்

காலையில் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். ஈரத் துண்டோடு கோயில் வாசலில் உட்கார்ந்து நான் செய்த முதல் காரியம், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தது. அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பும் டிக்கெட் கதை வேறு. ஞாயிறு ராத்திரிக்கு எடுத்திருக்கிறேன், கொல்லத்திலிருந்து வருகிற வண்டி. நாங்கள் நடுவில், திருநெல்வேலியில் ஏறுகிறோம். இதற்குத்தான் பூல்டு கோட்டா. வழியில் உள்ள பல ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னப் பை. அதிலிருந்து எல்லாரும் எடுக்க வேண்டும். எடுத்தபோது 41. அப்புறம் 23. மூன்று நாளாக 19-ல் நிற்கிறது. எழும்பூரில் 87 இறங்கிய வேகம் எங்கே, இது எங்கே.

எனக்கு வரவர இப்படித் தோன்றுகிறது: ரயிலில் இடம் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று பேசுவதே சரியில்லை. நாகர்கோவிலில் ஏறி மதுரையில் இறங்குகிறவரின் இருக்கை, மதுரைக்கு அப்புறம் காற்று வாங்கிக்கொண்டு போகும். அதே வண்டியில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். இடம் முழுசாக இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. நாம்தான் முழுசாகவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாளைக்கு இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு, ஆகஸ்ட் 31. நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத்

காலை ஏழு மணிக்கு ராத்திரி வண்டியின் சார்ட் வந்துவிட்டது. வண்டி திருநெல்வேலிக்கு ராத்திரிதான் வரும். ஆனால் சார்ட் நேரத்தைக் கொல்லத்தில் கிளம்புவதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். 19 என்பது 8-ல் வந்து நின்று செத்தது. ஆன்லைன் டிக்கெட் என்பதால் அதுவே ரத்தாகிப் பணம் திரும்பி வரும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. மே மாதத்திலிருந்து கெடுபிடி அதிகம்.

நாகர்கோவிலிலிருந்து பிற்பகல் 2:20-க்குக் கிளம்புகிற வந்தே பாரத்தின் சார்ட்டும் அதற்குள் வந்திருந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்னை: ஒன்றுமில்லை. கோவில்பட்டியிலிருந்து: இல்லை. மதுரையிலிருந்து எழும்பூர் என்று போட்டேன். நாலு சீட்!

உடனே எடுத்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். மதுரைக்கு ஐந்து மணி வாக்கில் வண்டி வரும். அம்பையிலிருந்து திருநெல்வேலி ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு பஸ். டிக்கெட் எடுத்துவிட்டு வண்டியைத் தவறவிட்டால் பணம் போச்சு. போதாததற்கு அத்தை வேறு, “ஞாயித்துக்கெழமை கறி எடுத்திருக்கு, சாப்பிடாம போனா பாரு” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். பத்தரைக்கே எனக்கு மட்டும் இலை போட்டார்கள். பையில் முறுக்கு, அதிரசம், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு. பதினொரு மணிக்கு அம்பை பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தபோது நாலு இரண்டாகியிருந்தது.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி கிளம்பும் தறுவாயில் இருந்தது. ஓடிப்போய் ஏறினேன். நாலு வழிச் சாலை, வண்டி நன்றாகப் போகிறது, இனி பயமில்லை என்று தைரியம் வந்தது சாத்தூர்ப் பக்கம். இரண்டு இன்னும் இரண்டுதான். எடுத்தேன். பணம் போய்விட்டது என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. டிக்கெட் வரவில்லை. டவர் இல்லாத பொட்டலில் பக்கம் வெள்ளையாக நின்றது. திரும்பத் திறந்தால், முன்பதிவு ஆகவில்லை, பணம் சில நாளில் வரும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் எங்கேயோ அந்தரத்தில். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஊர்ல ஏதும் விசேஷமா?” என்று மெதுவாகக் கேட்டார். துக்கச் செய்தி என்று நினைத்துவிட்டார் போல.

விருதுநகரில் பார்த்தேன்: ஒன்று. அந்தக் கணக்கில் இன்னொரு தடவை கட்ட மீதி இல்லை. வீட்டுக்குப் போன் செய்து பணம் போடச் சொன்னேன். பஸ் மாட்டுத்தாவணி வரைக்கும் போகும். அங்கிருந்து ஜங்ஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருவது இன்னொரு யாத்திரை. அதனால் திருமங்கலத்திலேயே இறங்கி டவுன் பஸ் பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். இது மதுரையில் படித்த காலத்தில் கற்றது. கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததில் இது அளவுக்கு வேறெதுவும் உதவவில்லை. பெரியாரிலிருந்து ஜங்ஷனுக்கு நடை. 4:25.

இந்த வருஷம் ஜூலை வரைக்கும் இந்த நேரத்தில் பெட்டியோடு நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடிந்திருக்கும். இப்போது தெற்கு ரயில்வேயில் சில வந்தே பாரத் வண்டிகளுக்கு, இடையில் உள்ள ஸ்டேஷன்களில் வண்டி கிளம்பப் பதினைந்து நிமிடம் வரைக்கும் டிக்கெட் எடுக்கலாம். எட்டு வண்டி அந்தப் பட்டியலில். சென்னை–நாகர்கோவில் போக, வர இரண்டும் உண்டு. ஸ்டேஷன் வாசலில் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று. அந்த ஒன்று இன்னும் இருந்தது! சாப்பாடு வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று தட்டினேன், அதைப் படிக்கக்கூடப் பொறுமை இல்லை. வட்டம் சுற்றியது. உள்ளே அறிவிப்பு, வெளியே ஆட்டோக்காரர்களின் அழைப்பு, நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சி 4, 37. மணி 4:31.

உள்ளே ஏறி என் இருக்கையைத் தேடிப் போனால் அங்கே இருந்தவர் அப்போதுதான் எழுந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து வருகிறாராம். நான் உட்கார்ந்தபோது இருக்கை சூடாக இருந்தது. முதுகுச் சாய்வு அவர் சாய்த்த கோணத்திலேயே கிடந்தது. எதிரில் இருந்த குட்டி மேஜையில் நேந்திரம் சிப்ஸ் துணுக்குகள், எண்ணெயில் வட்டமாக ஒரு கட்டை விரல் அடையாளம். நேற்று கோயில் வாசலில் நான் நினைத்துப் பார்த்த காலி இருக்கை இதுதான். நான் நினைத்ததில் சிப்ஸ் மட்டும் இல்லை.

துடைத்துவிட்டு அத்தையின் முறுக்கை எடுத்து வைத்தேன். பக்கத்தில் எல்லாருக்கும் தட்டு வந்தது, எனக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். திண்டுக்கல் போவதற்குள் அதிரசமும் காலி.

திருச்சியில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கினார். கதவு மூடுகிற நேரத்தில் ஒரு பையன், வயது இருபத்திரண்டு இருக்கலாம், மூச்சு வாங்க வந்து நின்று போனையும் இருக்கை எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இதானா சார் 38?”

“இதான். எப்ப எடுத்தீங்க?”

“இப்பத்தான். பிளாட்ஃபாரத்துல நின்னுக்கிட்டே.” அவனாலேயே நம்ப முடியாத மாதிரி சொன்னான். உட்கார்ந்து, வெதுவெதுப்பாக இருந்த கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். நான் மேஜையில் சிந்திக் கிடந்த முறுக்குத் தூளை அவன் பக்கம் போகாமல் கையால் கூட்டி எடுத்தேன்.

விழுப்புரம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தோம். சாத்தூரில் போன பணத்துக்கு இன்னும் ஒரு செய்தியும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு எடுத்துவிட்டாயா என்று அவனிடம் கேட்டேன்.

“எடுத்தாச்சு சார். வெயிட்டிங் லிஸ்ட் 140.”

“முன்னாடி என்ன எழுத்து போட்டிருக்கு?”

அவன் போனை எடுத்துப் பார்த்தான்.